பதின்மூன்று அங்குலம், ஒரு நூல்

சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், பதின்மூன்று அங்குலம் ஒரு நூல் என்பதுதான் இன்றும் என் மனதில் முதலில் எழும் விடை. அதை அளந்து சொன்னவள் என் அம்மா. 1998 ஆகஸ்டில் ஒரு மாலை, கலிபோர்னியாவில் வேலை கிடைத்துவிட்டது என்று நான் வீட்டில் அறிவித்தபோது, அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்ப் பரணிலிருந்து உலக உருண்டையை இறக்கினாள். புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்துக் கூடத்து மேசையில் வைத்தாள். பிறகு தையல் பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு நூல்கண்டை எடுத்துவந்தாள்.

அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பூகோளம் நடத்தியவள். அதற்கு முந்தைய ஆண்டு அவள் ஓய்வு பெற்றபோது சக ஆசிரியைகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பன்னிரண்டு அங்குல உருண்டை அது. அதில் சோவியத் யூனியன் இன்னும் உடையாமல் ஒரே நிறத்தில் பரந்து கிடந்தது. கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டிருக்க வேண்டும். நூலின் ஒரு முனையைச் சென்னையின் மேல் வைத்து என்னைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளச் சொன்னாள். மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோனாள். நூல் கிழக்கே நகர்ந்து, வங்காள விரிகுடா, பிலிப்பைன்ஸ், பசிபிக் என்று நீலத்தின் நடுவே போகும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பள்ளிச் சுவரில் தொங்கிய தட்டையான வரைபடம் அப்படித்தான் என்னைப் பழக்கியிருந்தது.

"லூசா விடாதே. இழுத்துப் பிடிச்சா நூல் தானா வழி கண்டுபிடிக்கும்" என்றாள் அம்மா.

இழுக்க இழுக்க நூல் வடக்கே வழுக்கி ஏறியது. ஒடிசாவையும் பிகாரையும் தாண்டி, எவரெஸ்டுக்கு மிக அருகே இமயத்தைக் கடந்து, திபெத், மங்கோலியா, பைக்கால் ஏரியின் வடமுனை, சைபீரியாவின் பனிவெளி என்று போய், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே ஏறி, பேரிங் நீரிணையருகே ஆசியாவை விட்டு இறங்கியது. பிறகு அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரைத் தொட்டுக்கொண்டு, வட அமெரிக்கக் கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலோடு தெற்கே சரிந்து சான் பிரான்சிஸ்கோவில் முடிந்தது. பசிபிக்கின் பெரும்பரப்பு அதன் வழியில் வரவேயில்லை. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் ஒரு துண்டு என்பதும், 1569-இல் மெர்க்கேட்டர் மாலுமிகளின் திசைகாட்டிக்காக வரைந்த படத்தை நாம் தூரத்துக்கும் நம்பிவிட்டோம் என்பதும் அம்மா வகுப்பில் பலமுறை சொன்ன செய்திகள். அன்று அவற்றை அவள் சொல்லவில்லை. நூலைக் கிள்ளி எடுத்து அடிக்கோலின் மேல் நீட்டினாள். கோல் போதவில்லை. ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக வெளியே தொங்கியது.

"பதின்மூணு அங்குலம், ஒரு நூல்." தச்சர்கள் கணக்கில் நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த உருண்டையில் ஓர் அங்குலம் ஏறத்தாழ 1,060 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 13,900 வருகிறது. பின்னாளில் கணினியில் அட்சரேகை தீர்க்கரேகைகளைக் கொடுத்து நான் கணக்கிட்டபோதும் அதே விடைதான் கிடைத்தது. பூமியில் எந்த இரண்டு இடங்களும் சுமார் 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகி இருக்க முடியாது. நான் அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமான தூரம் விலகிப் போகவிருந்தேன்.

இதையெல்லாம் ஊஞ்சலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "நூல் மேலே யாரு போறா?" என்றார்.

அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அகராதியில் தூரம் என்பது கட்டணம் போடுவதற்கான எண். பயணி அறிய வேண்டியது, வண்டி எந்த வழியில் போகிறது, எங்கெங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குச் சேரும் என்பவை மட்டுமே. என் பயணச்சீட்டை வாங்கிப் பார்த்தார். சென்னை, சிங்கப்பூர், ஹாங்காங், சான் பிரான்சிஸ்கோ. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து இருபத்தேழு மணி நேரம் ஆகும் என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, "தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் டெல்லி போய்ச் சேர முப்பத்துமூணு மணி நேரம் ஆகுது. இவன் அதுக்குள்ள அமெரிக்கா போயிடுவான். டெல்லியில இருக்கான்னு நினைச்சுக்கோ" என்றார்.

அம்மா அப்போதுதான் அழுதாள். ஆனால் அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. உறவினர் யாராவது இவ்வளவு தூரத்தில் பிள்ளையை விட்டுவிட்டீர்களே என்றால், "டெல்லி தூரம்தான்" என்பார் அப்பா.

*

எங்கள் வீடு நங்கநல்லூரில். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் தாழ்ந்து வருவதை மொட்டை மாடியிலிருந்து பார்க்கலாம். நான் போனபின் அப்பா ஒரு நீளக் கணக்கு நோட்டில் கோடு போட்டு, என் பயணங்களைப் பதியத் தொடங்கினார். புறப்பாடு, வருகை, பயண நேரம், தாமதம், குறிப்பு என்று ஐந்து பத்திகள். சென்னைக்கு வருவதெல்லாம் 'அப்', சென்னையை விட்டுப் போவதெல்லாம் 'டவுன்'. நேரம் எல்லாமே இருபத்துநாலு மணிக் கணக்கில், எல்லாமே இந்திய நேரத்தில். கலிபோர்னியாவின் கடிகாரம் நம்மைவிடக் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமும் கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும் என்பதை அவர் ஒரு நிர்வாகச் சீர்கேடாகவே கருதினார்.

மூன்றாவது பயணத்துக்குப் பிறகு தொலைபேசியில் ஒரு சந்தேகம் கேட்டார். ஹாங்காங்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே அப் வண்டி பதினாலரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது, டவுன் வண்டி பன்னிரண்டு மணி நேரத்தில் போய்விடுகிறது, ஒரே தூரத்துக்கு ஏன் இந்த வித்தியாசம்? அதற்கு விடை சொன்னவளும் அம்மாதான். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றோட்டம் போகும்போது தள்ளிவிடுகிறது, வரும்போது எதிர்த்து நிற்கிறது. இந்தக் காற்றை 1920-களில் ஜப்பானில் பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தவர் வசாபுரோ ஓயிஷி என்ற வானிலையாளர். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று அவர் தன் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் அச்சிட்டார், அதனாலேயே வெளியுலகில் அதை எவரும் கவனிக்கவில்லை என்று நான் எங்கோ படித்ததைச் சொன்னேன். அப்பா வெகுநேரம் சிரித்தார். பிறகு நோட்டில் குறிப்புப் பத்தியில் 'அப்: எதிர்காற்று' என்று எழுதிக்கொண்டதாகச் சொன்னார்.

ஆக, வீட்டில் இரண்டு தூரங்கள் இருந்தன. அம்மாவின் தூரம் மாறாதது. அப்பாவின் தூரம் ஒவ்வொரு முறையும் மாறுவது. எந்த விமானமும் அம்மாவின் நூலின் மேல் பறந்ததில்லை. பிராங்க்பர்ட் வழியாக வந்தால் ஏறத்தாழ 16,700 கிலோமீட்டர். துபாய் வழியாக வந்தால் 15,900-க்குப் பக்கத்தில். சிங்கப்பூர் வழி என்றால் 16,500. அரசியலும் எரிபொருளும் பயணிகளின் எண்ணிக்கையும் சேர்ந்து இழுக்க, நூல் எப்போதும் எங்காவது தளர்ந்தே இருக்கும். நூல் தொடும் ஆங்கரேஜில், சோவியத் வான்வெளி மூடப்பட்டிருந்த காலத்தில், ஐரோப்பாவிலிருந்து டோக்கியோ செல்லும் விமானங்கள் நின்று எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தன. 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஓர் இந்திய விமானம், விமானிகள் அனைவரும் பெண்களாக, வடதுருவத்தின் மேலாக எங்கும் நில்லாமல் வந்து சேர்ந்தது. அம்மா அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்திருந்தாள். "பார்த்தியா, வடக்கே ஏறித்தான் வரணும்" என்றாள். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு தன் நூலுக்குச் சாட்சி கிடைத்த மகிழ்ச்சி அவள் குரலில் இருந்தது.

*

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2009 பிப்ரவரி 9, திங்கட்கிழமை. இரவு எட்டு மணிக்கு அக்கா தொலைபேசியில் அழைத்தாள். சென்னையில் செவ்வாய் காலை ஒன்பதரை. விடியற்காலையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். "இருபத்துநாலு மணி நேரம் பார்க்கணும்கறார் டாக்டர்" என்றாள். "நான் வரணுமா?" என்று கேட்டேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீ பார்த்துக்கோ" என்றாள்.

முந்தைய ஆண்டின் நிதிச் சரிவுக்குப் பின் எங்கள் அலுவலகத்தில் ஆட்குறைப்புப் பட்டியல் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அந்த வாரம் அறிவிப்பார்கள் என்று பேச்சு. செவ்வாய்க்கிழமை காலை நான் அலுவலகம் போனேன். கூட்டங்களில் உட்கார்ந்தேன். இடையிடையே பயணச்சீட்டின் விலையைப் பார்த்தேன். அன்று பிற்பகல் இரண்டரை மணிக்கு பிராங்க்பர்ட் விமானத்தில் இடம் இருந்தது. அக்கா வா என்று சொல்லவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாற்காலியில் இல்லாதவன் பெயர் பட்டியலில் எளிதாக ஏறும் என்ற எண்ணமும் உள்ளே இருந்தது. அதை அப்போது அவ்வளவு தெளிவாக வார்த்தைகளில் நினைக்கவில்லை. இப்போது வார்த்தைகளில்தான் நினைக்கிறேன்.

அன்றிரவு அக்கா மறுபடி அழைத்து அழுதாள். புதன்கிழமை விமானத்துக்குச் சீட்டு வாங்கினேன்.

காலை பத்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, பிற்பகல் இரண்டரைக்குப் பறந்தேன். இந்திய நேரத்தில் அது வியாழன் விடியற்காலை நாலு மணி. அன்று காலை பத்து மணிக்கு அப்பா கண் திறந்திருக்கிறார். வாய் குழறினாலும் அக்காவுக்குப் புரியும்படி, "எங்க வரான்?" என்று கேட்டிருக்கிறார். தாமதமாகும் வண்டியைப் பற்றி நடைமேடையில் கேட்கும் கேள்வி. "வந்துண்டே இருக்கான்பா" என்றாள் அக்கா. பின்னர் கணக்கிட்டுப் பார்த்தேன். நான் அப்போது கிரீன்லாந்துக்கு மேலே எங்கோ இருந்தேன். முன்னிருக்கையின் திரையில் ஒரு சிறிய விமானம் வளைந்த கோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. சேருமிடத்துக்கு மீதமுள்ள நேரத்தை நிமிடக் கணக்கில் அது காட்டிக்கொண்டிருந்தது.

அப்பா வியாழன் மாலை ஏழு பத்துக்குப் போய்விட்டார். என் இரண்டாவது விமானம் பிராங்க்பர்ட்டை விட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கியபோது வெள்ளி அதிகாலை இரண்டரை. வெளியே அத்தான் நின்றிருந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போகும்போது மணி நாலு. கூடத்தில், ஊஞ்சலைக் கழற்றிவிட்டு, குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "என்ன செய்வது, அவ்வளவு தூரம்." "பாவம், பிளேன்ல இருக்கும்போதே ஆயிடுத்து." நான் தலையசைத்தேன். அடுத்த பல ஆண்டுகள் நானும் அதையே சொல்லிவந்தேன். கேட்டவர் ஒருவர்கூட மேற்கொண்டு கேட்டதில்லை. 13,900 கிலோமீட்டர் என்பது யாரும் மறுத்துப் பேசமுடியாத எண்.

கணக்கு அப்படிச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை விமானத்தில் ஏறியிருந்தால் வியாழன் அதிகாலை நாலு மணிக்கு அப்பாவின் கட்டிலருகே இருந்திருப்பேன். அவர் எங்க வரான் என்று கேட்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு. அவர் போவதற்குப் பதினைந்து மணி நேரம் முன்பு. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு இருபத்தெட்டு மணி நேரப் பயணம் அது. அதற்கு முன்னால் நான் வீணாக்கிய நேரம் ஒரு முழு நாள். அந்த ஒரு நாளைத்தான் தூரத்தின் கணக்கில் எழுதிவைத்தேன்.

அந்த வேலை அடுத்த மாதமே போய்விட்டது. அதை இங்கே ஒரு நீதியாகச் சொல்லவில்லை, நடந்தது அவ்வளவே. வேலை போகாமல் இருந்திருந்தாலும் கணக்கு மாறியிருக்காது.

*

1893 மே 31 அன்று பம்பாயில் கப்பலேறிய விவேகானந்தர், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங், ஜப்பான் வழியாகப் போய் வான்கூவரில் இறங்கியது ஜூலை 25 அன்று. ஏறத்தாழ எட்டு வாரங்கள். சென்னையில் வீடு வீடாகப் போய் அவருக்குப் பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் அவர் போய்ச் சேர்ந்தாரா என்பதை அறியவே பல நாட்கள் காத்திருந்திருப்பார்கள். அந்தக் காலத்தில் கடல் கடந்தவன் தகப்பனின் சாவுக்கு வந்து சேர்வான் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. அங்கே தூரம் உண்மையான காரணம். அவன் தவறு எதுவும் அதில் இல்லை.

நான் வசிக்கும் பிரீமாண்டிலிருந்து விரிகுடாவின் ஓரமாக வண்டியில் போனால் அலமீடா வரும். 1935 நவம்பர் 22 அன்று அங்கிருந்து 'சைனா கிளிப்பர்' என்ற கடல்விமானம் தபால் மூட்டைகளுடன் கிளம்பி, ஹொனலூலு, மிட்வே, வேக், குவாம் என்று தீவு தீவாகத் தங்கி மணிலா போய்ச் சேர்ந்தது. வானில் இருந்தது சுமார் அறுபது மணி நேரம், மொத்தப் பயணம் ஆறு நாள். எட்டு வாரம் ஆறு நாளானது. 1958-இல் போயிங் 707 பயணிகளை ஏற்றத் தொடங்கியபின் அது ஒன்றிரண்டு நாளாகச் சுருங்கியது. அதற்குப் பின் வேகம் ஏறவில்லை. ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்டும் 2003-இல் ஓய்வு பெற்றுவிட்டது. இன்று நான் ஏறும் விமானம் என் அப்பா இளைஞராக இருந்தபோது பறந்த 707-ஐ விட வேகமாகப் போவதில்லை. நில்லாமல் போகிறது என்பதே வேறுபாடு.

இந்த வரலாற்றை நான் விரும்பிப் படித்ததற்குக் காரணம் உண்டு. பயண நேரம் எட்டு வாரமாக இருந்தவரை, கிளம்ப எடுத்துக்கொள்ளும் ஒரு நாள் அதில் ஒன்றுமில்லாமல் கரைந்துபோகும். பயணம் ஒரு நாளாகச் சுருங்கியபின், கிளம்பத் தயங்கும் ஒரு நாள் பயணத்துக்குச் சமமாக நிற்கிறது. விமானம் தூரத்தைக் குறைத்ததோடு, தூரம் என்று சொல்லித் தப்பிக்கும் வழியையும் அடைத்துவிட்டது. என்னைப் போல் கடல் கடந்து வாழ்பவர்கள் பலரும் இதை உள்ளூர அறிவார்கள் என்று நினைக்கிறேன். பேசிக்கொள்வதில்லை.

விமானத்துறையில் ஒரு விதி உண்டு. இரண்டு எஞ்சின் விமானம், ஓர் எஞ்சின் நின்றுபோனால் மற்றதை வைத்துக்கொண்டு இத்தனை நிமிடத்துக்குள் ஏதாவது ஓர் ஓடுபாதையை அடைய முடியும் என்ற வழியில் மட்டுமே பறக்கலாம். அமெரிக்காவில் 1953-இல் அது அறுபது நிமிடம். 1985-இல் தகுதிபெற்ற விமானங்களுக்கு நூற்றிருபதாகவும், பிறகு நூற்றெண்பதாகவும் அதற்கு மேலாகவும் தளர்த்தினார்கள். அதனால்தான் மனித நடமாட்டமே இல்லாத வெளியின் மேல் பறக்கும்போதும், எங்கோ ஒரு சிற்றூரின் ஓடுபாதை அந்த விமானத்தின் கணக்கில் இருந்துகொண்டே இருக்கிறது. 2023 ஜூனில் தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த விமானம் ஒன்று எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் தூரக்கிழக்கில் மகதான் என்ற ஊரில் இறங்கியது. இருநூறுக்கு மேற்பட்ட பயணிகள், மாற்று விமானம் வரும்வரை அங்கே தங்கவைக்கப்பட்டார்கள்.

அப்பா போனபின் அக்காவும் நானும் ஏறத்தாழ இதேபோல் ஒரு விதி வகுத்துக்கொண்டோம். அம்மா தனியாக நங்கநல்லூர் வீட்டிலேயே இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாள். கீழ்வீட்டு அம்மாளிடம் ஒரு சாவி. அவர் இரண்டு நிமிடத் தூரம். வேளச்சேரியில் அக்கா. இருபத்தைந்து நிமிடம். நான் எத்தனை மணி நேரம் என்பதை விமானம் பார்த்துக்கொள்ளும். ஆனால் "வரணுமா?" என்ற கேள்வியை நான் இனிக் கேட்பதில்லை. "நீ பார்த்துக்கோ" என்ற விடையை அவளும் சொல்வதில்லை. என்ன நடந்தது என்று மட்டும் அவள் சொல்வாள். நான் கிளம்புவேன். பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும் ஒரு மாற்றுடையும் ஒரு தோள்பையில் அன்றுமுதல் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன.

*

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. காலை ஆறேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. "அம்மா குளியலறையில விழுந்துட்டா. இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. திங்கட்கிழமை காலையில ஆபரேஷன்" என்றாள் அக்கா. அவ்வளவுதான் பேசினோம். பிற்பகல் மூன்றே முக்காலுக்குத் துபாய் விமானம். பதினைந்து மணி நாற்பது நிமிடம் பறந்து, அங்கே மூன்று மணி நேரம் காத்திருந்து, மறுபடி நான்கு மணி நேரம். திங்கள் அதிகாலை நாலேகாலுக்கு மருத்துவமனை அறைக்குள் நுழைந்தேன். தொலைபேசி அடித்ததிலிருந்து முப்பத்துமூன்றரை மணி நேரம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் தில்லி போய்ச் சேரும் நேரம்தான். அப்பா சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அம்மா விழித்துக்கொண்டிருந்தாள். எண்பத்துநாலு வயது. "இதுக்கா அங்கேருந்து ஓடி வந்தே?" என்று கடிந்துகொண்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, விடும்வரை விடவில்லை.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காப்பீட்டுக் காகிதங்களைத் தேடி வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்தபோது, பட்டுப்புடவைகளுக்கு அடியில் அப்பாவின் நீள நோட்டு இருந்தது. 2008-ஓடு அது நின்றிருக்கும் என்று எண்ணிப் புரட்டினேன். நிற்கவில்லை. அப்பாவின் சாய்ந்த எழுத்து முடிந்த இடத்தில் அம்மாவின் கரும்பலகை எழுத்து, உருண்டு திரண்டு, வரிவரியாகத் தொடர்ந்தது. அதே ஐந்து பத்திகள். அதே இந்திய நேரம்.

அவள் எழுதிய முதல் வரி அந்தப் பயணம். 'அப். புறப்பாடு 12-2-2009, 04.00. வருகை 13-2-2009, 02.30. பயண நேரம் 22.30.' தாமதம் என்ற பத்தியில் அப்பா எப்போதும் எண் போடுவார், தாமதமே இல்லையென்றால் ஒரு சுழி போடுவார். அம்மாவும் மற்ற எல்லா வரிகளிலும் அப்படியே செய்திருந்தாள். அந்த ஒரு வரியில் மட்டும் கட்டம் காலியாக இருந்தது. நோட்டின் உள்ளட்டையில் அப்பா எப்போதோ எழுதிவைத்திருந்தார்: 'பிராங்க்பர்ட் வழி - தினசரி.' முப்பது ஆண்டுகள் நேரமண்டலக் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு, தினசரி ஓடும் வண்டியில் ஒரு நாள் எங்கே போயிற்று என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

நோட்டை மருத்துவமனைக்கு எடுத்துப்போனேன். மாலையில் அக்கா வீட்டுக்குப் போனபின், அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது சொன்னேன்.

"அம்மா, அப்பாவுக்கு முடியாம போன அன்னிக்கு நான் செவ்வாய்க்கிழமையே கிளம்பியிருக்கலாம். பிளேன் இருந்தது. சீட்டும் இருந்தது."

"தெரியும்" என்றாள் அம்மா.

வேறெதுவும் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாழ்வாக ஒரு விமானம் போகும் சத்தம் கேட்டு அடங்கியது. பிறகு என் மடியிலிருந்த நோட்டைக் கண்ணால் காட்டினாள்.

"அதுல பேனா சொருகியிருக்கா? எடு. என்னால உட்கார்ந்து எழுத முடியாது, நீ எழுது. இந்தத் தடவை எத்தனை மணிக்குக் கிளம்பினே?"

"மூணே முக்கால். நம்ம நேரம் ஞாயிறு காலை நாலேகால்."

"எந்த வழி?"

"துபாய்."

"எங்கேயாவது லேட்டா?"

"துபாயில இருபது நிமிஷம்."

"அதையும் எழுது" என்றாள்.

எழுதினேன்.